இரண்டு மூச்சு

நீர்கொழும்பின் உப்புக்காற்றைக் குடித்து வளர்ந்த ஸ்டார்லட்
நானுஓயா வந்து சேர்ந்ததும் இருமியது.
புகைக்குழாய் வாயெல்லாம் கரி.
பாவம், ஐயாயிரத்து முந்நூறு அடியில்
ஒரு வாய்க் காற்றிலே காற்றுக் குறைவு.
எண்ணெய் மட்டும் கடற்கரைக் கணக்கில்
விழுந்துகொண்டே இருக்கிறது.

கார்பரேட்டரைக் கழற்றி
நூற்று முப்பத்தைந்தை எடுத்துவிட்டு
நூற்று இருபத்தைந்து ஜெட்டைப் போட்டேன்.
இருமல் நின்றது.

டெரன்ஸ் அதோடு விட்டிருக்கலாம்.
பின்சீட்டைப் பிடுங்கிய இடத்தில் படுத்திருக்கும்
நீலச் சிலிண்டருக்கும்
எண்ணெய் ஜெட்டைச் சின்னதாக்கிக் கொண்டுவந்திருக்கிறான்.
"மலைதானே அக்கா, எல்லாத்தையும் குறைக்கணுமே?"

இல்லை தம்பி.
என்ஜின் இழுப்பது எங்கள் ஊர் மூச்சு, மெலிசு.
சிலிண்டரில் இருப்பது அடைத்து வைத்த மூச்சு.
அதற்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது.
கீழே நிறுத்த அதே எடையோடு மேலே வந்து இறங்கும்.
அதன் பங்கு எண்ணெயை நீ கொடுக்காவிட்டால்
பிஸ்டனைத் தின்னும்.

எனக்கு இந்த வாயுவைப் பழக்கம் உண்டு.
டிக்கோயா ஆஸ்பத்திரியில், இரண்டாவது பிள்ளைக்கு,
முகமூடியில் தந்தார்கள்:
பாதி அது, பாதி ஒட்சிசன்.
வலி இருந்தது,
அடுத்த கட்டில்காரிக்கு வந்த வலி மாதிரி.
நான் சிரித்தேனாம். மிஸ்ஸி சொன்னா.

பழைய ஜெட்டை அதன் இடத்தில் திரும்ப முடுக்கினேன்.

பிறகு டைமிங் லைட்.
வெளிச்சம் வெட்ட வெட்ட
ஓடுகிற புல்லி நின்றுவிட்டது.
நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றுச் சுற்றுவது
ஒரு வெள்ளைக் கோடாய் என் முன்னால் நின்று
படி என்றது. முப்பத்தாறு பாகை.
டிஸ்டிரிபியூட்டரை உள்ளங்கையால் அணைத்து
ஒரு மயிரளவு,
இன்னும் ஒரு மயிரளவு.
முப்பத்திரண்டு.

அவன் முகம் சுருங்கியது.
"கீழ் வளைவுல சோம்புமே அக்கா."
சோம்பட்டும்.
சட்டென்று பற்றுகிற விறகுக்கு
யாராவது முன்கூட்டி அடுப்பு மூட்டுவார்களா?
பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது
நெருப்பு அதன் உச்சந்தலையில் குந்தினால்
யாருடைய எலும்பு முறியும்?

மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து
டிஸ்டிரிபியூட்டர் கழுத்திலிருந்து பிளொக் வரைக்கும்
ஒரே கோடு இழுத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

விடிய நல்ல குளிர்.
சிலிண்டர் முள் அறுநூறில் உறங்கியது.
பிள்ளைகள் குளிக்கும் பேசினில்
கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி
முதுகு நனையக் கிடத்தினேன்.
தொள்ளாயிரத்தில் துவட்டி, கம்பளி சுற்றி,
அவன் காரில் ஏற்றினேன்.

ஒத்திகை ஓட்டம். பனிமூட்டத்தில் கார் தெரியவில்லை,
சத்தம்தான் ஏறியது.
மூன்றாம் வளைவு தாண்டிப் பட்டனை அமர்த்தினான்.
உறுமல் ஒரு முழம் தடித்தது.
அதற்குள்ளே, மிகச் சின்னதாக,
தகர டப்பாவில் நாலைந்து கூழாங்கல்.
வேறு யாருக்கும் கேட்டிருக்காது.
கொழுந்து நிறுக்கிற கொட்டிலில் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்ததும் பிளக்குகளைக் கழற்றினேன்.
முதலாவது, இரண்டாவது, நாலாவது
பிஸ்கட் நிறம்.
மூன்றாவதின் வெள்ளைப் பீங்கானில்
உப்புத்தூள் பருமனில் ஒரு வெள்ளிப் பொட்டு.
பிஸ்டனின் தோல்.

குனிந்து பார்த்தேன்.
சிவப்புக் கோடு முறிந்திருந்தது.
கழுத்தில் பாதி, பிளொக்கில் பாதி,
நடுவே ஒரு நெல் அகலம்.

யாரென்று கேட்கவில்லை.
பிளக்கை அவன் கையில் வைத்தேன்.
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.
பெருவிரலால் துடைத்தான். போகவில்லை.
மறுபடி துடைத்தான்.

என் பொக்கட்டிலிருந்து
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைத் தானே எடுத்தான்.
போல்ட்டைத் தளர்த்தி
கோடும் கோடும் கூடும்வரை திருப்பினான்,
மூச்சை அடக்கிக்கொண்டு.

பனி கிழியத் தொடங்கியது. இனி வெயில் ஏறும்,
முள்ளும் கூட ஏறும்.
நான் போய்ச் சிலிண்டரின் கம்பளியை உருவினேன்.